செம்மதிலுக்குள்ளே – 9: இறுகாத சுருக்கு

பட்டுக்கயிறு சக்கரவர்த்தியின் கழுத்தில் விழுந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

1542, நவம்பர் 27. பீஜிங் அரண்மனை. பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மிங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஜியாஜிங் இளையராணி சாவின் பள்ளியறையில் அயர்ந்து தூங்குகிறான். அவனுக்கு வயது 35. 13 வயதில் அரியணை ஏறியவன். கட்டிலைச் சுற்றி 16 பணிப்பெண்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கையில்கூடக் கத்தி இல்லை.

இருந்தது ஒரு கயிறு மட்டும்தான். யாங் யூஷியாங் என்பவள் சடங்கு ஊர்வலத்துக் கோல்களில் கட்டியிருந்த பட்டுக்கயிறுகளை அவிழ்த்து, ஒன்றாக முறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். அவளிடமிருந்து சூ சுவான்யாவ் வாங்கினாள். அவளிடமிருந்து யாங் ஜின்யிங் வாங்கினாள். யாவ் ஷூசுயி மஞ்சள் துணியால் சக்கரவர்த்தியின் முகத்தைப் பொத்தினாள். ஒருத்தி மார்பை அழுத்தினாள். மற்றவர்கள் கைகளையும் கால்களையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஜின்யிங் கயிற்றைக் கழுத்தில் மாட்டி இழுத்தாள்.

ஜியாஜிங் திமிறினான். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. இன்னும் பலமாக இழுத்தார்கள். கண்கள் பிதுங்கின, உடல் துவண்டது, ஆனால் மூச்சு மட்டும் நிற்கவில்லை. சுருக்குப் போட வேண்டிய இடத்தில் ஜின்யிங் முடிச்சுப் போட்டுவிட்டாள். சுருக்கு இழுக்க இழுக்க இறுகும். முடிச்சு விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். இருட்டில், நடுங்கும் விரல்களால், வாழ்நாளில் யாரையும் அடித்துக்கூட அறியாத ஒரு பெண் போட்ட முடிச்சு அது. கோடிக்கணக்கான மக்களை ஆண்டவனின் உயிர் அதில் சிக்கி நின்றது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவன் சாகவில்லை. சக்கரவர்த்தி வானத்தின் மகன் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இத்தனை பேர் சேர்ந்து நெரித்தும் உயிர் போகவில்லை என்றால்? 16 பேரில் ஒருத்தியான ஜாங் ஜின்லியனின் கை தளர்ந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அறையை விட்டு நழுவினாள். இருண்ட நடைபாதையில் ஓடத் தொடங்கினாள்.

எங்கே ஓடினாள் என்பதைப் பார்க்கும் முன், இந்தப் பெண்களை இந்தக் கட்டில்வரை கொண்டுவந்தது எது என்று சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் இது வெறும் கொலைமுயற்சிக் கதையாகப் போய்விடும்.

இந்த அரண்மனை 1406-இல் கட்டத் தொடங்கி 1420-இல் முடிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 180 ஏக்கர். சுற்றிலும் 10 மீட்டர் உயர மதில், அதற்கு வெளியே 52 மீட்டர் அகல அகழி. தெற்குப் பாதி அரசாங்கக் காரியங்களுக்கு, வடக்குப் பாதி அந்தப்புரத்துக்கு. இருட்டிய பிறகு அந்த வடக்குப் பாதியில் முழு ஆணாக இருக்க உரிமை பெற்றவன் சக்கரவர்த்தி ஒருவன்தான். காவலுக்கும் எடுபிடிக்கும் இருந்தவர்கள் விதை நீக்கப்பட்ட அண்ணகர்கள். மற்றவர்கள் எல்லோரும் பெண்கள். பட்டத்தரசி, இளையராணிகள், அவர்களுக்குக் கீழே படிப்படியாகப் பெண் அதிகாரிகள், எல்லோருக்கும் அடியில் பணிப்பெண்கள்.

பணிப்பெண்கள் பெரும்பாலும் சாதாரணக் குடிமக்கள் வீட்டுப் பிள்ளைகள். சிறுவயதிலேயே பொறுக்கி எடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு வகுத்த அந்தப்புரச் சட்டங்கள் அவர்களுக்காகக் காத்திருந்தன. அரண்மனையிலிருந்து வெளியே யாருக்காவது இரகசியமாகக் கடிதம் எழுதினால் மரண தண்டனை. எழுதியவளுக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் அதே தண்டனை. அம்மாவுக்கு நான்கு வரி எழுதினால் அம்மாவின் தலையும் போகும் என்று அர்த்தம். நோய் வந்தால் மருத்துவர் உள்ளே வரக்கூடாது. நோயின் குறிகளைச் சொல்லி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டு வெளியிலிருந்தே மருந்து கொடுப்பார்கள். நாடி பார்க்காமல் கொடுக்கும் மருந்து எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருக்கும்? பிழைக்காதவர்களைப் பீஜிங்கின் மேற்குப் பகுதியில், நகர மதிலுக்கு வெளியே கொண்டுபோய் எரிப்பார்கள். தனிக் கல்லறை கிடையாது. செங்கல்லால் கட்டிய கிணறு போன்ற குழியில்தான் சாம்பல் சேரும்.

தண்டனைகளில் ஒன்றைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு செய்த பணிப்பெண் இரவு முழுக்க, சாமத்துக்குச் சாமம், கையில் மணியோடு அந்தப்புர வாசலிலிருந்து முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மழை கொட்டினாலும் பனி விழுந்தாலும் நிற்கக்கூடாது, ஓடவும் கூடாது. ஒரே சீரான அடி. மணியின் தாளத்துக்கு ஏற்ப, வையகம் அமைதியாக இருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ராணிகள் கதகதப்பான மெத்தையில் படுத்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருப்பார்கள். குனிந்து, முழங்காலை மடக்காமல், இரண்டு கைகளாலும் கால்விரல்களைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்க வைக்கும் தண்டனையும் இருந்தது. தலைசுற்றி வாந்தி எடுத்து விழுந்தவர்கள் உண்டு.

இத்தனையும் எல்லாச் சக்கரவர்த்திகளின் காலத்திலும் இருந்தவைதான். ஜியாஜிங் காலத்தில் இவற்றோடு ஜியாஜிங்கும் இருந்தான்.

அவனுடைய சுபாவத்துக்கு ஒரு சான்று போதும். 1528-இல் ஒருநாள் அவனும் முதல் பட்டத்தரசி சென்னும் அமர்ந்திருந்தார்கள். பட்டத்தரசி அப்போது கர்ப்பிணி. இளையராணிகள் தேநீர் கொண்டுவந்து நீட்டினார்கள். சக்கரவர்த்தியின் பார்வை கோப்பையில் இல்லை, அதைப் பிடித்திருந்த கைகளில் நிலைத்திருந்தது. பட்டத்தரசி கோபத்தில் கோப்பையை எறிந்துவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான். ஜியாஜிங் வெடித்த வெடிப்பில் அவள் பயந்து நடுங்கி, கரு கலைந்து, அதிலேயே இறந்தும் போனாள். அன்று தேநீர் கொண்டுவந்தவர்களில் ஒருத்தியான ஜாங், அதே ஆண்டு பட்டத்தரசி ஆனாள். 1534-இல் அவளையும் அந்த இடத்திலிருந்து இறக்கிவிட்டான். மூன்றாவதாக வந்தவள் ஃபாங். 1531-இல் ஒன்பது இளையராணிகளில் ஒருத்தியாக அரண்மனைக்குள் நுழைந்தவள். தனக்கு முன் அந்த ஆசனத்தில் இருந்த இருவரின் கதியும் அவளுக்கு நன்றாகவே தெரியும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவிமாருக்கே இந்தக் கதி என்றால் பணிப்பெண்களைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு மேல் ஜியாஜிங்குக்குச் சாகாவரத்தில் ஆசை வந்துவிட்டது. தாவோ மதத்துச் சாமியார்களும் ரசவாதிகளும் அரண்மனையில் குடியேறினார்கள். 1540-இல், அரசு வேலையைக் கொஞ்சகாலம் ஒதுக்கிவைத்துவிட்டு அமரத்துவம் தேடப் போகிறேன் என்று சொன்னான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த யாங் ஸூயி என்ற அதிகாரி பிரம்படியிலேயே உயிரை விட்டார். ஆயுள் நீட்டிக்கும் மருந்துகளில் ஒன்று, வயதுக்கு வந்த கன்னிப்பெண்களின் மாதவிடாய் உதிரத்திலிருந்து செய்யப்பட்டது. அதற்காக அரண்மனைப் பெண்களை வைத்து நடத்தியவை மருத்துவம் என்ற பெயரில் நடந்த சித்திரவதை. உடல் தூய்மை கெடக்கூடாது என்று அவர்களுக்கு வயிறாரச் சோறு போடாமல் வைத்தார்கள் என்றும், விடியற்குளிரில் சக்கரவர்த்திக்காகப் பனித்துளி சேகரிக்க அனுப்பியதில் பலர் நோயில் விழுந்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

பின்னாளில் விசாரணையில் பதிவான வாக்குமூலத்தில் இந்தப் பெண்கள் சொன்ன காரணம் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அவன் கையால் சாவதைவிட நாமே முந்திக்கொள்வது மேல் என்பதுதான் அதன் சாரம். அரசாங்கத் தீர்ப்போ வேறு மாதிரி எழுதியது. இளையராணி வாங் என்பவள் பொறாமையில் தூண்டிவிட்டாளாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒரு ராணியின் பொறாமைக்காக 16 பேர் தங்கள் உயிரையும் குடும்பத்தாரின் உயிரையும் பணயம் வைப்பார்களா? சக்கரவர்த்தி செத்தாலும் தப்பித்து ஓட வழியில்லாத மதிலுக்குள் இருந்தவர்கள் அவர்கள். ஜெயித்தாலும் சாவு, தோற்றாலும் சாவு. அதைத் தெரிந்தே கயிற்றைத் தொட்டவர்களுக்கு ஒரே காரணம்தான் இருந்திருக்க முடியும்.

இப்போது ஜின்லியனைப் பின்தொடர்வோம்.

அவள் ஓடிப்போய் நின்ற இடம் பட்டத்தரசி ஃபாங்கின் மாளிகை. மூச்சு வாங்க அவள் சொன்னதைக் கேட்டதும் ஃபாங் ஒரு கணமும் தயங்கவில்லை. அண்ணகர்கள் திரண்டு கிளம்பட்டும் என்று காத்திருக்காமல் நேராகச் சாவின் பள்ளியறைக்கு வந்தாள். கதவைத் தாண்டியதும் யாவ் ஷூசுயியின் குத்து அவள்மீது விழுந்தது. பட்டத்தரசியின் மேல் ஒரு பணிப்பெண் கைவைப்பது அந்த அரண்மனையில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அந்தக் கணத்தில் அந்த அறைக்குள் ராணி, பணிப்பெண் என்ற வித்தியாசமே இல்லை. யாரோ விளக்கை அணைத்தார்கள். யாரோ மீண்டும் ஏற்றினார்கள். மறுபடியும் அணைந்தது. இருட்டில் கூச்சல், தள்ளுமுள்ளு. அதற்குள் வெளியே ஆள் போய்விட்டது. அண்ணகர்கள் உள்ளே பாய்ந்தார்கள். 16 பேரும் பிடிபட்டார்கள்.

ஃபாங் சக்கரவர்த்தியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். மெல்லிய மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஆள் அசைவற்றுக் கிடந்தான்.

தலைமை அரண்மனை மருத்துவர் ஷூ ஷென்னை அழைத்து வந்தார்கள். மற்ற மருத்துவர்கள் தொடவே பயந்தார்கள் என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். மருந்து கொடுத்து, சக்கரவர்த்தி இறந்துபோனால் கொன்றவன் என்ற பழி கொடுத்தவர் தலையில் விழும். ஷூ ஷென் துணிந்தார். பீச் பழக் கொட்டையின் பருப்பு, குசும்பாப் பூ, ரேவல்சின்னி எல்லாம் சேர்த்து, உறைந்த ரத்தத்தை இறக்கும் கடுமையான மருந்து ஒன்றைத் தயாரித்தார். காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையே அதைத் தொண்டைக்குள் ஊற்றினார்கள். பிறகு காத்திருப்பு. 9 மணி கடந்தது. 11 ஆயிற்று. நண்பகலும் போனது. பேரரசின் அத்தனை அதிகாரமும் அந்த ஒரு கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மதியம் ஒரு மணிக்கு மேல் சக்கரவர்த்தியின் தொண்டையிலிருந்து திடீரென்று ஒரு சத்தம். கருஞ்சிவப்பான ரத்தத்தை நிறைய வாந்தி எடுத்தான். மாலைக்குள் பேச்சு வந்துவிட்டது.

ஷூ ஷென்னுக்குப் பட்டமும் பரிசும் குவிந்தன. ஆனால் அவர் அதிக நாள் வாழவில்லை. கொஞ்சகாலத்திலேயே படுக்கையில் விழுந்தார். அன்று மருந்து பலிக்காமல் போயிருந்தால் தற்கொலை செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தேன், அந்தப் பயம் உள்ளே புகுந்துவிட்டது, இதற்கு மருந்து இல்லை என்று தன் குடும்பத்தாரிடம் சொன்னார். சொன்னபடியே இறந்தும் போனார். சக்கரவர்த்தியைப் பிழைக்க வைத்தவருக்கும் அந்த அரண்மனை வைத்திருந்தது அதைத்தான்.

சக்கரவர்த்தி பேச முடியாமல் கிடந்த வேளையில் அரண்மனையை நடத்தியவள் ஃபாங். அவன் பெயரால் அவள்தான் உத்தரவு போட்டாள். 16 பணிப்பெண்களுக்கும் லிங்சி தண்டனை. உயிரோடு வைத்துத் துண்டு துண்டாக அறுத்துக் கொல்வதுதான் லிங்சி. அது ஊரார் பார்க்கக் கடைத்தெருவில் நடந்தது. ஓடிப்போய்த் தகவல் சொன்ன ஜின்லியனுக்கும் மன்னிப்பு இல்லை, அவள் பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. உறவினர்களிலும் பத்துக்கும் மேற்பட்டவர்களின் உயிர் போனது. தண்டனை நடந்தபோது பீஜிங்கை மூடிய மூடுபனி மூன்று நான்கு நாட்கள் விலகவே இல்லை என்றும், இதில் ஏதோ அநியாயம் நடந்திருக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள் என்றும் ஒரு குறிப்பு உண்டு.

மிங் அரண்மனையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைத்துச் செத்திருக்கிறார்கள். பெரும்பாலோரின் பெயர் எந்தச் சுவடியிலும் இல்லை. யாங் ஜின்யிங், யாங் யூஷியாங், சூ சுவான்யாவ், யாவ் ஷூசுயி, ஜாங் ஜின்லியன் என்று இன்று நாம் பெயர் சொல்லிப் பேச முடிகிறது என்றால், அவர்கள் கொலைமுயற்சிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டதால் மட்டும்தான். ஒழுங்காகப் பணிசெய்து, நோயில் விழுந்து, அந்தச் செங்கல் குழியில் சாம்பலாகியிருந்தால் இந்தத் தொடரில் இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

ஃபாங்கின் உத்தரவில் இன்னும் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று இளையராணி வாங். இன்னொன்று இளையராணி சாவ்.

சாவ் அந்த இரவில் ஜியாஜிங்கை உபசரித்தவள். அவன் உயிரை வைத்திருந்தவள். அவனுடைய முதல் மகளைப் பெற்றவள். சக்கரவர்த்தி தூங்கியதும் அவள் அந்த அறையை விட்டுப் போய்விட்டாள், சதியைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் பின்னால் தெரிந்தது. ஃபாங் அதை விசாரிக்கவில்லை. விசாரிக்க விரும்பினாளா என்பது வேறு கேள்வி. தன் அறையில் நடந்தது தனக்குத் தெரியாது என்று சாவ் சொன்னதைக் கேட்க அந்த நாளில் யாரும் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். அவன் தேறி எழுந்து, சாவ் எங்கே என்று கேட்கும் நிலைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெளியுலகத்துக்கு அவன் காட்டியது நன்றியைத்தான். உயிரைக் காத்தவள் ஃபாங், அதில் சந்தேகமில்லை. அவளுடைய தந்தைக்குப் பட்டம் உயர்ந்தது. ஆனால் ஜியாஜிங் அந்த அந்தப்புரத்துக்குத் திரும்பவே இல்லை. அரண்மனைக்கு மேற்கே ஏரிக்கரையில் இருந்த மேற்குப் பூங்காவுக்குக் குடிபோனான். அடுத்த 25 ஆண்டுகள், சாகும்வரை, அதுதான் அவனுடைய வீடு. மந்திரிமாருக்குக்கூட முகம் காட்டுவது அரிதாயிற்று. பூசையும் ரசவாதமும் நிற்கவில்லை. தெய்வங்கள்தான் தன்னைக் காப்பாற்றின என்று நம்பியவன் அவற்றை இன்னும் அதிகமாக்கினான். 1552-இல் 8 வயது முதல் 14 வயது வரையுள்ள 300 சிறுமிகளை அரண்மனைக்குள் கொண்டுவந்தார்கள். 1555-இல் 10 வயதுக்கும் குறைந்த 160 பேர். தாவ் ஜோங்வென் என்ற சாமியாரின் ஆலோசனைப்படி, மருந்து தயாரிக்க. அந்த 16 பேரும் எதற்காக உயிரைக் கொடுத்தார்களோ அது அவர்களுக்குப் பிறகு வந்த குழந்தைகளையும் விடவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அதற்கு முன் 1547-இல் ஒன்று நடந்தது.

சாவ் குற்றமற்றவள் என்பது நாளடைவில் ஜியாஜிங்குக்குத் தெரிந்துபோயிற்று. அவன் வெளிப்படையாக எதுவும் செய்யவில்லை. ஃபாங் பட்டத்தரசியாகவே இருந்தாள். ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின. 1547 குளிர்காலத்தில் அரண்மனையில் தீப்பிடித்தது. பட்டத்தரசி உள்ளே சிக்கிக்கொண்டாள். அண்ணகர்கள் சக்கரவர்த்தியிடம் ஓடிவந்து, அவளை மீட்க உத்தரவு தரும்படி கேட்டார்கள் என்று ஒரு பழைய நூல் சொல்கிறது.

கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து உயிர் கொடுத்தவள் நெருப்புக்குள் இருக்கிறாள். அவனுடைய பிரியமான சாவைத் துண்டு துண்டாக்கியவளும் அவளேதான். ஜியாஜிங் கொடுத்த பதிலை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)